மூன்றாவது ஆலா

ஆம்ப்ரோஸ் கீப்பிங் வாசலில் வந்து நின்றபோது
கையில் ஒரே ஒரு மரப்பறவை.
அவருடைய படகுக் கொட்டகை முகட்டில்
பதினோரு குளிர்காலம் ஜோடியாக நின்ற ஆலாக்கள்.
ஒன்றைப் புயல் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டது.
நியூஃபவுண்ட்லாந்தில் நவம்பர்ப் புயலிடம்
யாரும் காரணம் கேட்பதில்லை.
"இதே மாதிரி இன்னொன்று.
புதுசு என்று தெரியக் கூடாது, லெயோ."

செதுக்க ஒன்றரை நாள்.
ஸ்புரூஸ் கட்டை, பிளந்த வால், கூர் அலகு.
முடித்து மேசையில் வைத்தால்
வெண்ணெய் நிறத்தில், அப்போதுதான் குளித்து வந்ததுபோல்
வெட்கமில்லாமல் மினுங்கியது.
பக்கத்தில் பழையது:
மீன் செதிலின் சாம்பல் வெள்ளி,
தடவினால் விரலில் ஒவ்வொரு ரேகையும் தட்டும்.

பதினோரு ஆண்டை
ஒரு வாரத்தில் ஊட்ட வேண்டும்.

முதலில் நெருப்பு. ரொட்டி வாட்டுகிற அளவுக்கு.
பிறகு கம்பி பிரஷ், ரேகை ஓடும் திசையிலேயே.
இளசு உதிர்ந்தது, முற்றியது நின்றது.
மறந்தும் குறுக்கே இழுக்கக் கூடாது;
வானிலைக்குக் குறுக்குப் புத்தி கிடையாது.

அடுத்தது தேநீர்.
ஸ்புரூஸில் துவர்ப்புப் போதாது;
துவர்ப்பில்லாத மரம்
இரும்பைக் கண்டாலும் சும்மா இருக்கும்.
பன்னிரண்டு தேயிலைப் பைகளைக்
கரண்டி நிற்கும் அளவுக்குக் கறுக்க வைத்து
ஆலாவுக்கு ஊற்றினேன்.
மிச்சத்தை நான் குடித்தேன்.

ஜன்னலோரம் ஜாடி. வினிகரில் இரும்புப் பஞ்சு
நாலு நாளாகக் கரைந்துகொண்டிருந்தது.
மூடியை இறுக்கக் கூடாது, அது மூச்சு விடும்.
தொட்டுத் தடவினேன். ஒன்றும் நடக்கவில்லை.
ரேடியோவில் அலை நிலவரம் சொல்லி முடிப்பதற்குள்
கழுத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது
கெட்ட செய்தி கேட்ட முகம்போல.

முதல் தடவை நீலம் பாய்ந்துவிட்டது.
அடுத்த வீட்டு செலினா எட்டிப் பார்த்து
"பாவம், விஷம் தின்ற பறவை" என்றாள்.
சுரண்டினேன். மறுபடி தேநீர். கரைசலில் பாதி தண்ணீர்.
கடைசியில் நீர்த்த வெள்ளைப் பெயின்ட்,
பூசியதும் துடைத்து, பள்ளத்தில் மட்டும் தங்கும்படி.

ஆறாம் நாள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன்.
ஆம்ப்ரோஸ் வெகுநேரம் பார்த்தார்.
என்னுடையதைத் தொட்டு, "இதுதான் எங்களது" என்றார்.
நான் திருத்தவில்லை.
அறுபது டாலர். எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜூனில், கடைசிப் பனிப்பாறையும் கடந்து போன பிறகு,
ரொட்டிப் பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார்.
கேப்லின் மீன் அள்ளப் போன கரையில் கிடந்ததாம்.
தொலைந்த ஆலா.
வெள்ளி இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.
கறுப்பு. பாசி. வயிறெல்லாம் கொட்டலசு.
நனைந்த நாயின் நாற்றம்.

"கடலில் கிடந்தது
ஏன் கடலில் கிடந்த மாதிரியே இல்லை?"

இருபது வருடமாக விலைச்சீட்டில்
'கடல் தந்த நிறம்' என்று எழுதி ஒட்டுகிறேன்.
கடல் தருவது இதுதான்.
வெள்ளி, கரையேறிய பிறகு;
யாரும் பொறுக்கிப் போகாத மேட்டில்
வெயிலும் மழையும் முறைபோட்டு
மேல்தோலை எடுத்துக்கொண்ட பிறகு.

"இதையும் நரைக்க வை" என்றார்
பணப்பையைத் திறந்தபடி.
ஜாடி கைக்கெட்டும் தூரத்தில். தேயிலையும் இருந்தது.
விறகுக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இருந்தது.

கொட்டலசுகளை மட்டும் கத்தி முனையால் எடுத்தேன்,
அலகுக்குக் கீழே ஒன்றை விட்டுவிட்டு.

முகட்டில் இடமில்லை, அங்கே ஜோடி நிற்கிறது.
கொட்டகையின் தெற்குச் சுவரில்
ஒற்றை ஆணியில் தொங்குகிறது மூன்றாவது.
கடைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கறுப்பு.
நேற்று இறக்கை நுனியில்
நகக்கண் அளவுக்கு ஒரு வெளுப்பு.

எச்சமாகவும் இருக்கலாம்.